'பக்கத்தில் காலனி இல்லை' என்று விற்பவருக்கு ஒரு தேர்வு வேண்டும்

"அருவிக் காத்து நேரா வீட்டுக்குள்ள வரும் தம்பி. பக்கத்துல காலனியும் கிடையாது."

போன சாரல் காலத்தில் குற்றாலம் பக்கம் மனை பார்க்கப் போனபோது தரகர் சொன்னது இது. தண்ணீர், ரோடு, கரண்டு என்று அடுக்கியவர், நான்காவது வசதியாக இதையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த கேள்வி: "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?" சொன்னேன். சாயங்காலமே "அந்த மனை அட்வான்ஸ் ஆயிட்டு தம்பி" என்றார். ஒரு வாரம் கழித்து வேறு சாதி நண்பன் போன் போட்டான். அதே மனை காலியாகத்தான் இருந்தது.

அவருடைய விசிட்டிங் கார்டில் ரெரா பதிவு எண் இருந்தது. கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, பதிவு செய்யாத முகவர் பதிவுபெற்ற திட்டங்களில் மனை விற்க முடியாது. தமிழ்நாட்டில் தனிநபர் பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய். பணம், பான் கார்டு, முகவரிச் சான்று போதும், தேர்வு கிடையாது. 10ஆவது பிரிவு முறையற்ற வணிகத்தைத் தடுக்கிறது. மனையின் தரம் பற்றிப் பொய் சொன்னால் தப்பு. வாங்க வந்தவனின் தெருவைக் கேட்டுத் திருப்பி அனுப்பினால்? அதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பு குற்றம்தானே என்பீர்கள். ஆமாம், 2015 திருத்தத்தில் சேர்த்தார்கள். 'அட்வான்ஸ் ஆயிட்டு' என்று சிரித்தபடி சொல்பவர்மேல் அதை எப்படி நிரூபிப்பது?

மகாராஷ்டிரத்தில் 2023 ஜனவரியில் ஆணையம் உத்தரவு போட்டது: முகவர்கள் 20 மணிநேரப் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதித் தேறவேண்டும். அந்த மே மாதமே முதல் தேர்வு நடந்தது. இங்கே நடத்த என்ன தடை?

ஆனால் கார்ப்பெட் ஏரியா கணக்கு மட்டும் கேட்கிற தேர்வு நமக்கு வேண்டாம். அமெரிக்காவில் உரிமத் தேர்வு எழுதுபவர் 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டத்தைப் படித்தாக வேண்டும். கறுப்பினக் குடும்பத்தை வெள்ளையர் பகுதிக்குப் போகவிடாமல் வேறு பக்கம் திருப்பிவிடுவதற்கு அங்கே ஒரு பெயரே உண்டு, 'ஸ்டியரிங்'. அது சட்ட விரோதம். தேர்வெழுதிய எல்லோரும் யோக்கியர்களாகிவிடவில்லை. லாங் ஐலண்டில் நியூஸ்டே நாளிதழ் ஆள் அனுப்பிச் சோதித்து 2019இல் வெளியிட்டபோது, கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய பாதி சோதனைகளில் பாகுபாடு நடந்தது தெரிந்தது. ஆனால் 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று அந்த முகவர்களால் சொல்ல முடியாது. நம்மூர்த் தரகர் தெரிந்தே செய்கிறார், அதைத் தொழில் சாமர்த்தியம் என்றும் நினைக்கிறார்.

பஞ்சமி நிலத்தையும் கேளுங்கள். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை மற்றவர்களுக்கு விற்க முடியாது. அதை மனையாகப் பிரித்துக் கல் ஊன்றி, 'கிளியர் டைட்டில்' என்று விற்பவருக்கு இது தெரியவில்லை என்றால் உரிமம் எதற்கு? தெரிந்தே விற்கிறார் என்றால் சிறைதான்.

தேர்வு வைத்தால் படிக்காத நம் பிள்ளைகள்தான் வெளியே போவார்கள் என்று ஒரு தோழர் சொன்னார். நியாயமான பயம். ஆனால் இப்போதே அவர்களை 25,000 ரூபாய் வெளியே நிறுத்தியிருக்கிறதே! அந்தக் கட்டணத்தைக் குறையுங்கள். பயிற்சியை இலவசமாகக் கொடுங்கள். தேர்வைத் தமிழில், மாவட்டத்துக்கு ஒரு மையம் வைத்து நடத்துங்கள். தென்காசி 2019 நவம்பரில் இருந்து தனி மாவட்டம். தேர்வுத் தேதிக்கு முந்தின ராத்திரி பொதிகை ரயிலேறி எழும்பூர் போய் நிற்கச் சொல்லாதீர்கள்.

தேறியவர் அதன்பிறகும் "எந்தத் தெரு?" என்று கேட்டால் பதிவை ரத்து செய்யுங்கள். பதிவை ரத்து செய்யும் அதிகாரம் ஏற்கெனவே ஆணையத்திடம் இருக்கிறது. சாதியைக் காரணமாகச் சேர்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.