பத்து நாள் பயணமும் படிப்பே

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்குப் பெருமூச்சுதான் மிச்சம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. 1987-ல் தொடங்கிய 'எராஸ்மஸ்' மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், 2021 முதல் ஒரு குறுகிய காலப் படிப்பும் சேர்ந்துள்ளது. குறைந்தது மூன்று நாடுகளின் கல்வி நிலையங்கள் கூடிப் பாடம் வகுக்கின்றன. மாணவர்கள் ஒரு பகுதியை இணையவழியே, இருந்த ஊரிலிருந்து படிக்கிறார்கள். மறு பகுதிக்கு 5 முதல் 30 நாள்வரை ஓரிடத்தில் கூடுகிறார்கள்.

பகலில் வேலை, மாலையில் கல்லூரி என்றிருக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் அயல்நாட்டில் தங்குவது ஆகாத காரியம். பத்து நாள் விடுப்பு கிடைக்கலாம்.

அங்கே இதற்குக் குறைந்தது 3 கிரெடிட் உண்டு. அது இல்லாவிட்டால் வெறும் சுற்றுலாதான். நம் நாட்டிலும் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கணக்குமுறை 2021-ல் வந்துவிட்டது. எனவே நம் பல்கலைக்கழகங்கள் இலங்கை, நேபாளம் போன்ற அண்டை நாடுகளுடன் இதைத் தொடங்கலாம்.

ஆனால் வழிச்செலவைப் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும். இல்லையேல், இணையப் பாடம் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, விமானம் வசதியுள்ள பிள்ளைக்கு என்றாகிவிடும். அதற்குப் பரிமாற்றம் என்று பெயரிடுவது பொருந்தாது.