கேட்பவர் இருந்தால்தான் செவ்விசை

“சினிமா பாட்டைத் தவிர வேறு எதையும் நம் மாணவர்கள் கேட்கமாட்டார்கள்.” கலை இரவுக்கு நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் ஒவ்வொரு முறையும் நம் கழகக் கூட்டத்தில் ஒலிக்கும் தீர்ப்பு இது. அதன் விளைவு? பத்து அங்கங்கள் என்றால் பத்தும் திரைப்பாடல். கர்நாடக இசை ‘சாமி பாட்டு’ என்றும், மேற்கத்தியச் செவ்விசை ‘பணக்காரர் இசை’ என்றும் கேட்காமலேயே ஒதுக்கப்படுகின்றன.

நண்பர்களே, இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ரசனை பிறப்போடு வருவதில்லை, பழக்கத்தால் வளர்வது. எந்த இசை நிலைக்கும் என்பதைக் காலம் தானாக முடிவு செய்வதுமில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் முன்வந்து அதை மீண்டும் கேட்க வைக்கிறார்கள்.

ஜெர்மானியரான செபாஸ்டியன் பாஹ் இன்று உலகமே வணங்கும் இசைமேதை. ஆனால், 1750-இல் அவர் மறைந்தபின் அவருடைய பெரும் படைப்புகள் பொதுமக்கள் நினைவிலிருந்து மங்கின. வல்லுநர் சிலரும் இசை பயில்வோருமே அவரைப் போற்றி வந்தனர். இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் மெண்டல்சோன் என்ற இளைஞர். 1829 மார்ச் 11-இல் பெர்லின் நகரப் பாடகர் கழகத்தைக் கொண்டு, பாஹின் ‘மத்தேயு பாடுகள்’ என்னும் மாபெரும் படைப்பை அவர் மேடையேற்றினார். அவருடைய ஆசிரியரே முதலில் தயங்கினாராம். மெண்டல்சோனோ அதைச் சுருக்கி வழங்கி வெற்றி கண்டார். பத்தே நாளில் மறு நிகழ்ச்சி! அப்போது அவருக்கு வயது இருபது. நம்மில் பலரைவிட இளையவர்.

நம் வீட்டுக் கதையும் இதுதான். இராமகாதையை இசை நாடகமாக்கிய சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) தியாகராஜருக்கு முந்திய தலைமுறையினர். அத்தகைய முன்னோடிகள் இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னைக் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் வரும் ‘துக்கடா’வாகவே இருந்தன. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கமும் 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் உரிமைக் குரல் எழுப்பிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. கவிராயரின் பாடல்கள் சிலவற்றுக்குப் பிற்கால வித்துவான்கள் புதிதாக மெட்டமைத்தும் பாடினார்கள். பழைய பாட்டுக்குப் புதிய உயிர்!

தமிழ்ப்பள்ளியில் பாடிய தேவாரமும், தேசிய இடைநிலைப்பள்ளியில் கேட்ட பேண்ட் குழுவின் ஊதுகருவிகளும் என் காதில் தனித்தனி உலகங்களாகவே இருந்தன. இரண்டுக்கும் பாலம் போட்டவர் இளையராஜா. 1986-இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கினார். திரையிசையில் நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் கலைஞரே இரு பெரியோரையும் ஒரே வரிசையில் வைத்து வணங்கும்போது, நாம் ஏன் வேலி போட வேண்டும்? எனக்குப் பாஹின் தனிச் செல்லோ இசை பிடிக்கும்; மோசார்ட்டின் ஒபேராக்கள் இன்னும் மனத்தில் ஒட்டவில்லை. கேட்ட பிறகு பிடிக்கவில்லை என்று சொல்வதில் குற்றமில்லை. கேட்காமல் சொல்வதே தவறு.

“கட்டணம் செலுத்தி வருபவர்கள் எழுந்து போய்விடுவார்களே?” என்று செயலவை நண்பர்கள் கேட்கலாம். கவலை நியாயமானதே. மூன்று மணி நேரக் கச்சேரி வேண்டாம். பதினைந்தே நிமிடம் கொடுங்கள். நம்மிடையே வயலினும் மிருதங்கமும் பயின்ற மாணவர்கள் இருக்கிறார்கள். சிறுவயதில் கற்றதைப் பல்கலைக்கழகம் வந்ததும் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் அவர்கள். கவிராயர் பாடல் ஒன்றையும் பாஹின் சிறு இசைத்துண்டு ஒன்றையும் அடுத்தடுத்து வாசிக்கட்டும். பாடலின் பொருளை இரண்டு நிமிடத்தில் அறிவிப்பாளர் விளக்கட்டும். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998 முதல் பில்ஹார்மோனிக் அரங்கம் இயங்கி வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது கழகம் நம்மை அங்கே அழைத்துச் செல்லலாம்.

திரைப்பாடலை விரட்டச் சொல்லவில்லை. அதுவும் நம் சொத்து. ஆனால், ஒரே கறியைத் தினமும் பரிமாறிவிட்டு, “இவர்களுக்கு இதுதான் பிடிக்கும்” என்று சொல்வது முறையாகுமா? தமிழின் பெயரால் கூடும் கழகம், தமிழரின் காதுகளையும் சற்று அகலமாக்கட்டும். அடுத்த கலை இரவில் அந்தப் பதினைந்து நிமிடத்தை எதிர்பார்க்கிறேன்.