அனுப்பலாம், வாங்க முடியாது: இணையவழிக் கொடுப்பனவுகள் குறித்து எமது நிலைப்பாடு

ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் ஒரு கிலோ ஒடியல் மாவும் கேட்கிறார். வட்ஸ்அப்பில் கேட்டு, வட்ஸ்அப்பிலேயே விலை பேசி முடிகிறது. ஐந்து நிமிட வேலை. அதன்பிறகு காசு எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். வாங்குபவர் ஸ்காபரோவில் இருக்கும் விற்பவரின் மச்சானுடைய கணக்கில் கனேடிய டொலரைப் போடுகிறார். மச்சான் இப்படி வருவதை ஒரு மாதம் சேர்த்து, வங்கிக்கு வெளியே காசு மாற்றிவிடும் உண்டியல்காரரிடம் கொடுக்கிறார். உண்டியல்காரரின் ஆள் சாவகச்சேரியில் வீட்டுப் படலைக்கு வந்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் அந்த மிளகாய்த்தூள் இல்லை. அந்நியச் செலாவணிக் கணக்கில் அந்த டொலர் இல்லை. வங்கியின் பார்வையில் அந்த உறுப்பினருக்கு வருமானமே இல்லை. ஆகவே அரைக்கும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டியதுதான்.

நாங்கள் வட மாகாணத்தில் உணவுப் பொருளும் பனைப் பொருளும் தையலும் கைவினையும் செய்து விற்கும் சிறு உற்பத்தியாளர்களின் சங்கம். உறுப்பினர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பலர் தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்கள். “எங்கள் மக்களுக்கு இணைய அறிவு போதாது, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்” என்ற பேச்சைப் பல கருத்தரங்குகளில் கேட்டுவிட்டோம். பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ்கள் எங்கள் வீடுகளில் நிறையவே இருக்கின்றன. இல்லாதது அறிவு அல்ல. காசு உள்ளே வருவதற்கான வாசல்தான் இல்லை.

இலங்கையில் இருந்துகொண்டு பேபால் கணக்கு திறக்கலாம், வெளிநாட்டுக் கடைக்குக் காசு கட்டலாம். வெளிநாட்டில் இருந்து அதே கணக்கில் காசு பெற முடியாது. பல ஆண்டுகளாக இதுதான் நிலை. ஸ்ட்ரைப் நிறுவனம் ஆதரிக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. காரணம் கேட்டால் நிறுவனம் ஒன்றைச் சொல்லும், அதிகாரிகள் வேறொன்றைச் சொல்வார்கள். 2017 நவம்பரில், பணச்சலவைத் தடுப்பைக் கண்காணிக்கும் சர்வதேச நிதி நடவடிக்கைச் செயலணியின் சாம்பல் பட்டியலில் இலங்கை சேர்க்கப்பட்டபோது அதைக் காரணமாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். 2019 ஒக்டோபரில் அந்தப் பட்டியலில் இருந்து நாடு நீங்கியது. வாசல் திறக்கவில்லை. பிறகு 2022இன் வங்குரோத்து வந்தது, டொலர் வெளியே ஓடிவிடும் என்ற அச்சம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. டொலர் வெளியே போவதைப் பற்றி அவ்வளவு பயந்த நாடு, உள்ளே வரத் துடித்துக்கொண்டிருந்த டொலருக்கு ஒரு படலைகூடத் திறந்து வைக்கவில்லை.

இங்கே எங்கள் நிலைப்பாடு பலருக்கு வியப்பளிக்கலாம். பேபால் வர வேண்டும் என்பது எங்கள் முதற் கோரிக்கை அல்ல. வந்தால் நல்லதுதான். ஆனால் “பேச்சு நடக்கிறது” என்று ஒவ்வொரு அமைச்சரும் சொல்ல, நாங்களும் ஒவ்வொரு முறையும் நம்பி, நாட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை செய்யப்படாமல் கிடக்கின்றன. ஒரு வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் வியாபாரத் தீர்மானத்துக்காக ஒரு நாட்டின் சிறு விற்பனையாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

நாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால், உண்மையில் குறைவில்லை. கைத்தொலைபேசி வழியே காசு அனுப்பும் ஈசி கேஷ் 2012லேயே வந்துவிட்டது. ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்கு உடனே காசு போகும் வசதி 2015 முதல் உண்டு. எந்த வங்கிச் செயலியாலும் ஸ்கான் செய்யக்கூடிய பொதுத் தரமாக லங்கா கியூ.ஆர் கொண்டுவரப்பட்டது. 2025 பெப்ரவரியில் அரச கட்டணங்களைச் செலுத்த கவ்பே தொடங்கியது. சட்டமும் உண்டு: 2005இன் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம், 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம். அயல்நாடுகள் பலவற்றைவிட முன்னதாகவே குழாய் போட்டுவிட்டோம் என்று சொல்லலாம். தண்ணீர்தான் கடைசி வீட்டுக்கு வரவில்லை.

2024 பெப்ரவரி 12ஆம் திகதி இந்தியாவின் கைத்தொலைபேசிக் கொடுப்பனவு முறையான யூ.பி.ஐ. இலங்கைக் கடைகளில் தொடங்கப்பட்டது. காங்கேசன்துறைக் கப்பலிலோ பலாலி விமானத்திலோ வந்து இறங்கும் நாகப்பட்டினத்துக்காரர், உரிய கியூ.ஆர் பலகை வைத்திருக்கும் யாழ்ப்பாணக் கடையில் தன் கைத்தொலைபேசியைக் காட்டிக் காசு கொடுக்கலாம். வரவேற்கிறோம். அதே மனிதர் ஊர் திரும்பிய பிறகு, வாங்கிப் போன பனங்கட்டி பிடித்துப்போய் இன்னும் ஐந்து பெட்டி கேட்டால்? அந்த வசதி சுற்றுலாப் பயணிக்காகச் செய்யப்பட்டது. அவர் கடல் தாண்டியதும் அது எங்களுக்கு உதவாது. பாக்கு நீரிணை கடந்து மனிதர் வரலாம், பொதி போகலாம், காசு மட்டும் கொழும்பும் மும்பையும் நியூயோர்க்கும் சுற்றி வர வேண்டும். யூ.பி.ஐ. இணைப்பை நேரில் நிற்கும் பயணியோடு நிறுத்தாமல், தொலைவில் இருந்து வாங்குபவருக்கும் சிறு தொகை எல்லைக்குள் விரிக்க வேண்டும் என்பதே எங்கள் முதற் கோரிக்கை. இரு நாட்டு மத்திய வங்கிகளும் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் இது. சிங்கப்பூருடன் இந்தியா 2023 பெப்ரவரியில் யூ.பி.ஐ.யையும் பேநவ்வையும் இணைத்து ஆளுக்கு ஆள் காசு அனுப்ப வழி செய்துவிட்டது. முன்மாதிரி கண்முன்னே இருக்கிறது.

உண்டியலைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். அது சட்டத்துக்குப் புறம்பானது, தெரியும். ஆனால் வடக்கில் உண்டியல் எப்படி வேரூன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு துண்டிக்கப்பட்ட காலத்தில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது உண்டியற் காசில்தான். 2021இல் வங்கி ஒரு டொலருக்கு 200 ரூபாய் சொச்சம் கொடுத்துக்கொண்டிருந்தபோது உண்டியல்காரர் அதைவிடக் கூடக் கொடுத்தார். 2022 மார்ச்சில் ரூபாய் அவிழ்த்துவிடப்பட்டு டொலர் 360ஐத் தொட்டபோது, யார் சொன்ன விலை உண்மையான விலை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இன்று அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. இருந்தும் உண்டியல் நிற்கிறது, ஏனென்றால் அது படலைக்கு வருகிறது, படிவம் கேட்பதில்லை, தமிழில் பேசுகிறது. இந்த மூன்றையும் வங்கி செய்தால் உண்டியல்காரருக்கு வேலை இருக்காது. பொலிஸைக் கொண்டு மட்டும் அதை ஒழித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த மாகாணத்தின் கடந்த முப்பது வருடங்களைப் பார்க்கவில்லை.

வெளிநாட்டுக் கதையை விட்டு உள்நாட்டு விற்பனைக்கு வருவோம். எங்கள் உறுப்பினர்களுக்கு உண்மையில் அதிகம் நோவது இங்கேதான்.

மட்டக்களப்பிலோ கண்டியிலோ இருப்பவர் முகநூலில் பார்த்து ஓடர் கொடுக்கிறார். முன்கூட்டிக் காசு போட மாட்டார். பொதி கைக்கு வந்த பிறகுதான் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. காசை வாங்கிக்கொண்டு இலக்கத்தை முடக்கிவிட்டு மறைந்த பக்கங்கள் ஏராளம். ஏமாந்தவர் முறையிடப் போனால், அவருக்குக் கைகொடுக்க வேண்டிய பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமோ 2003ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. முகநூல் பிறக்கவே இன்னும் ஒரு வருடம் இருந்த காலம் அது. ஆக வாங்குபவரின் பயம் நியாயமானது. அந்தப் பயத்தின் விலையை மட்டும் நாங்கள் கட்டுகிறோம். பொதி போய்ச் சேரும்போது அவர் வீட்டில் இல்லை, அல்லது மனம் மாறிவிட்டது, அல்லது “நான் ஓடர் பண்ணவே இல்லையே” என்கிறார். பொதி திரும்பி வருகிறது. போன கூலியும் எங்கள் தலையில், திரும்பி வந்த கூலியும் எங்கள் தலையில். உள்ளே இருந்த பருத்தித்துறை வடையின் கதி வேறு.

விற்றுப்போன பொதியின் காசும் உடனே வருவதில்லை. கூரியர் நிறுவனம் வாங்கி, தன் கணக்கில் வைத்து, வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்கிறது. எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு நிறுவனம் இரண்டு மாதக் காசைத் தராமல் இழுத்தடித்தது. பெயர் சொல்லி வழக்குப் பேசுவது இந்த அறிக்கையின் நோக்கமல்ல. எங்கள் கேள்வி வேறு. பிறர் காசை வாங்கி நாட்கணக்கில் கையில் வைத்திருக்கும் ஒரு தொழில், கொடுப்பனவுத் தொழில் இல்லையா? ஒரு கைபேசிப் பணப்பை நிறுவனம் வாடிக்கையாளர் காசைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று மத்திய வங்கி கட்டாயப்படுத்துகிறது. கூரியர் நிறுவனத்தின் கையில் நிற்கும் காசுக்கும் அதே காப்பு வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் விற்றவரின் கணக்குக்கு அது போய்ச் சேர வேண்டும். ஒரு பாதுகாப்புக் கணக்கு முறையையும் கேட்கிறோம்: வாங்குபவர் முன்கூட்டிப் போடும் காசு நடுவில் நிற்கட்டும், பொதி கிடைத்ததை அவர் உறுதிசெய்ததும் எங்களுக்கு வரட்டும். அப்படி ஒன்று குறைந்த கட்டணத்தில் இருந்தால் காசைக் கையில் வாங்கும் வியாபாரம் தானாகவே குறையும். தேசியக் கொடுப்பனவு வலையமைப்பே இதைச் செய்ய முடியும்.

இதற்கிடையில் எங்கள் பெண்கள் நாள்தோறும் படும் ஒரு சின்ன அவதி. “காசு போட்டாச்சு அக்கா, ஸ்லிப் பாருங்கோ” என்று ஒரு படம் வரும். படம் உண்மையா, திருத்தியதா? வங்கியின் குறுஞ்செய்தி வந்தால் தெரியும். சில நாட்களில் அது மூன்று மணித்தியாலம் கழித்து வரும். கியூ.ஆர் பலகை வைத்திருக்கும் பெரிய கடைக்கு உடனடி அறிவிப்பு உண்டு. வீட்டில் இருந்து விற்பவருக்கு வணிகர் கணக்கே இல்லை.

ஏன் இல்லை? வணிகர் கணக்குத் திறக்க வியாபாரப் பதிவு வேண்டும். பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். வியாபாரம் நடக்கும் இடத்துக்கான ஆதாரம் வேண்டும். இடம்பெயர்ந்து, மீளக் குடியேறி, உறுதி தொலைந்து, அண்ணனின் காணியில் கொட்டில் போட்டு இருப்பவரிடம் என்ன ஆதாரம் இருக்கும்? கிராம அலுவலரின் கடிதம் இருக்கும். சில கிளைகள் அதை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. முகாமையாளரின் மனநிலையைப் பொறுத்தது. இணையத்தில் காட் வாங்கும் வசதி கேட்டால் வலைத்தள முகவரி கேட்கிறார்கள். எங்களில் பெரும்பாலானோரின் கடை ஒரு வட்ஸ்அப் இலக்கம்தான். மாத விற்பனை ஒரு குறிப்பிட்ட தொகைக்குள் இருக்கும்வரை, தேசிய அடையாள அட்டையும் கிராம அலுவலர் கடிதமும் போதும் என்ற எளிய வணிகர் கணக்கை மத்திய வங்கி எல்லா வங்கிகளுக்கும் விதியாக்க வேண்டும். கிளைக்குக் கிளை மாறும் கருணையை வைத்துத் தொழில் நடத்த முடியாது.

மொழியைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே அலுத்துவிட்டது. 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. வங்கிச் செயலியில் “தமிழ்” என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் முதற் பக்கம் தமிழாகும், மூன்றாவது பக்கத்தில் ஆங்கிலம் திரும்பி வந்துவிடும். பிழைச் செய்தி எப்போதும் ஆங்கிலத்தில்தான். மோசடிக்காரர் மட்டும் நல்ல தமிழில் தொலைபேசி எடுத்து ஒருதடவைக் கடவுச்சொல்லைக் கேட்கிறார். “இந்த இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம்” என்ற எச்சரிக்கை வாசிக்கத் தெரியாத மொழியில் வந்தால் அது எச்சரிக்கை அல்ல.

வரி விடயத்தில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, மறைக்கவில்லை. வெளிநாட்டுக்குச் சேவை விற்று வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீதம் வரை வரி என்று வந்தபோது, கணினியில் வடிவமைப்பு வேலை செய்யும் எங்கள் இளைய உறுப்பினர்கள் கொதித்தார்கள். சங்கத்தின் நிலைப்பாடு, பெரும்பான்மை வாக்கின்படி: வரி கட்டுவதை எதிர்க்கவில்லை. வங்கி வழியாகக் காசைக் கொண்டுவருபவர் மட்டும் கணக்கில் சிக்கி வரி கட்டுகிறார், உண்டியலில் வாங்குபவர் தப்புகிறார் என்ற நிலையைத்தான் எதிர்க்கிறோம். நேர் வழி குறுக்கு வழியைவிடக் கடினமாக இருக்கும்வரை வரிக் கணக்கில் வரப்போவது கொஞ்சப் பேர்தான்.

இன்னொன்று. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது, 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின், 2022 ஏப்ரலில் போராட்ட காலத்தில் என்று அரசு சமூக வலைத்தளங்களை மூடியது. அரசியல் காரணங்கள் பற்றி இங்கே பேசவில்லை. மூடியவர்களுக்கு அவை அரட்டை மேடைகள். எங்களுக்கு அவை கடைத்தெரு. ஓடர் எடுக்கும் இடமும் ஸ்லிப் வரும் இடமும் அதுவே. எவருக்கும் நட்டஈடு கிடைக்கவில்லை, கிடைக்கும் என்று எவரும் கேட்கவும் இல்லை. இனி அப்படி மூடுவதாயின் நீதிமன்ற உத்தரவும் கால எல்லையும் வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்ல வேண்டும். காட் கொடுத்தால் மூன்று வீதம் கூடக் கேட்கும் கடைகள் எங்கள் உறுப்பினர்களிலும் உண்டு. வங்கியோடு செய்த ஒப்பந்தத்துக்கு அது முரண். கியூ.ஆர் பலகையை லாச்சிக்குள் வைத்துவிட்டு “மெசின் வேலை செய்யேல்லை” என்பவர்களும் உண்டு. கணக்கில் விழுந்தால் வரி அலுவலகம் பார்க்கும் என்ற பயம். பழுதான பொருளை மாற்றித் தர மறுத்த முறைப்பாடுகளும் எங்களிடம் வந்திருக்கின்றன. இந்த வருட நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இருந்து சங்கத்தின் பெயரில் போடும் கடைகளில் மேலதிகக் கட்டணம் வாங்கக் கூடாது, கியூ.ஆர் பலகை முன்னால் இருக்க வேண்டும், பழுதான பொருளை ஏழு நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானித்துள்ளோம். மீறுபவருக்கு அடுத்த வருடம் இடம் இல்லை.

இந்த அறிக்கையின் பிரதிகள் இலங்கை மத்திய வங்கியின் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவுத் திணைக்களத்துக்கும், யாழ்ப்பாணத்தில் கிளை வைத்திருக்கும் எல்லா வங்கிகளுக்கும், வட மாகாணப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பப்படுகின்றன. பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறோம்.