திறக்காத சிப்பியும் 300 இலக்க எண்ணும்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பிகளைத் திறக்காமலேதான் ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பி இன்ன விலை என்பது கணக்கு. வாங்கிய வியாபாரி அவற்றை அழுகவிட்டு, கழுவிப் பார்த்த பிறகுதான் உள்ளே முத்தா, வெறும் ஓடா என்பது தெரியும். 1961-ல் நடந்த குளிப்போடு அந்த ஏலமும் நின்றுபோனது.

இன்று அதே ஊரில் மீன் வாங்குகிறவர் செல்போனில் பணம் அனுப்புகிறார். இணையத்தில் போகும் பணத்தையும் தகவலையும் காக்கும் பூட்டுகளுக்கும் ஒருவகை முத்து தேவை. அதுதான் பகா எண். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் 2, 3, 5, 7 போன்ற எண்கள் என்று பள்ளியில் படித்தோமே, அவைதான். ஆனால், ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டுக்கு 300 இலக்கங்களுக்கு மேல் நீளும் பகா எண்கள் வேண்டும்.

அவ்வளவு பெரிய எண்களில், சராசரியாக சுமார் 700-க்கு ஒன்றுதான் பகா எண். ஒவ்வொன்றையும் வகுத்து வகுத்துப் பார்த்தால் பிரபஞ்சத்தின் வயதே போதாது. நல்லவேளையாக, இந்தச் சிப்பியைத் திறக்காமலே சோதிக்கலாம்.

வழி காட்டியவர் 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஃபெர்மா. 7 பகா எண்ணா? அதைவிட ஒன்று குறைவாக, 6 முறை 2-ஐ எழுதிப் பெருக்குங்கள்: 64. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. ஒற்றைப்படைப் பகா எண் எதுவானாலும் மீதி 1-தான் வரும். 9-ஐப் பாருங்கள். 8 முறை 2-ஐப் பெருக்கினால் 256. 9-ஆல் வகுத்தால் மீதி 4. ஆக, 9 பகா எண் அல்ல. அது 3 × 3 என்று தெரியாமலே சொல்லிவிட்டோம்!

ஆனால், போலி முத்துகளும் உண்டு. 341 இந்தச் சோதனையில் தேறிவிடும். உண்மையில் அது 11 × 31. எந்தப் போலியும் தப்ப முடியாத, எண் பெரிதானாலும் நேரம் எல்லைமீறிப் போகாத சோதனையை 2002-ல் கண்டுபிடித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும். நடைமுறையில் இதைவிட வேகமான சோதனைகளே பயன்படுகின்றன. என்றாலும், உலகம் வெகுகாலம் தேடிய விடை இந்தியாவில்தான் கிடைத்தது.

சரி, பூட்டு எப்படி? இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. பெருக்கி வந்த எண்ணிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. 2020-ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். ஒரு செயலியின் ஒரே ஒரு கோர் (core) மட்டும் உழைத்திருந்தால் அதற்கு ஏறத்தாழ 2,700 ஆண்டு ஆகியிருக்கும். இப்போதைய பூட்டுகளில் இருப்பவையோ 600 இலக்கங்களைத் தாண்டியவை.

அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. சுலபமாகப் பிரிக்க வழியே இல்லை என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. போதிய வலிமையுள்ள குவாண்டம் கணினி வந்தால் பிரித்துவிடலாம் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அந்தக் கணினி வருவதற்குள் பூட்டுகளை மாற்றிவிட வேண்டும் என்றுதான் உலகமெங்கும் இப்போது வேலை நடக்கிறது.