அடுத்த வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு

வலைவாசல் என்று நாம் அழைக்கும் இணையத்தளம் ஒருவர் எழுதிய நூல் அன்று; அது ஒரு தொகைநூல். ஒரு பல்கலைக்கழகத்தின் வலைவாசலை எடுத்துக்கொள்வோம். அறிவிப்புப் பெட்டி, தேர்வு அட்டவணை, நூலகத் தேடல், நாள்காட்டி, கட்டண விவரம் எல்லாம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். இவ்வுறுப்புகளை வெவ்வேறு நிரலாளர்கள், வெவ்வேறு காலங்களில், ஒருவரையொருவர் அறியாமலே செய்திருப்பார்கள். வாசகன் காண்பது ஒரு பக்கம். பின்னாலிருப்பவை பல கைகள்.

இது கணினித் துறையினரின் சொந்த விவகாரம், இலக்கிய வாசகனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நாம் படிக்கும் எழுத்தின் உருவத்தை ஒரு காலத்தில் அச்சுக்கோப்பவர் தீர்மானித்தார். இன்று அதைத் தீர்மானிப்பவை ஸ்டைல் ஷீட் என்கிற நடைத்தாளும் ஸ்கிரிப்ட் என்கிற நிரலும். ஆகவே நமக்கும் இதில் வேலை இருக்கிறது.

நடைத்தாள் என்பது உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைக்கும் ஏற்பாடு. 1994-இல் ஹோகுன் வியூம் லீ முன்மொழிந்த இம்முறை 1996-இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. தலைப்புகள் சிவப்பாக இருக்கட்டும் என்று அதில் ஒரு வரி எழுதினால் போதும். பக்கத்திலுள்ள அத்தனை தலைப்புகளும் சிவக்கும். ஒருவரே எழுதிய பக்கத்தில் இது வசதி. பலர் எழுதிய பக்கத்தில் இதுவே வினை. நாள்காட்டி செய்தவர் தம் பெட்டியை மனத்தில் வைத்து எழுதிய விதி, பக்கத்து நூலகப் பெட்டியின் மீதும் பாயும். தன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அடுத்த வீட்டுச் சுவரையும் சேர்த்து அடித்துவிட்டுப் போவதைப் போன்றது இது.

நிரலின் நிலையும் இத்தகையதே. வழக்கமான முறையில் இணைக்கப்படும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் எல்லாம் பெயர் வைப்பதற்கு ஒரே பொதுவெளியைப் பகிர்ந்துகொள்கின்றன. இருவர் ஒரே பெயரை இட்டால் பின்னால் வந்தவர் முன்னவரை அழித்துவிடுவார். டாலர் குறியைத் தன் சுருக்கப் பெயராகப் புரோட்டோடைப் என்னும் நிரல்தொகுப்பு வைத்திருந்தது. 2006-இல் வந்த ஜேகுவெரியும் அதே குறியை எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே பக்கத்தில் அமர்ந்தபோது மோதல் மூண்டது. அக்குறியை விட்டுக்கொடுப்பதற்கென்றே ஜேகுவெரி ஒரு தனிக் கட்டளையைச் சேர்க்க வேண்டியதாயிற்று. மூடூல்ஸ் என்னும் தொகுப்போ, மொழிக்குரிய அடிப்படை உறுப்புகளிலேயே 'ஃபிளாட்டன்' என்றொரு செயலைச் சேர்த்து வைத்திருந்தது. 2018-இல் அப்பெயரை ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கே சேர்க்க முனைந்தபோது, பழைய தளங்கள் உடையும் என்று கண்டு 'ஃபிளாட்' எனச் சுருக்கிக்கொண்டார்கள். பொதுச்சொத்தில் ஒருவர் பொறித்த பெயருக்காக ஒரு மொழியின் அகராதியே வழிவிட நேர்ந்தது.

இவற்றால் தமிழுக்கு வரும் கேடு இன்னும் நுட்பமானது. ரோமன் எழுத்தை மட்டும் கண்ணில் வைத்து எழுதப்பட்ட விதிகள் பக்கம் முழுவதும் பரவும்போது அடிவாங்குவது நம் எழுத்தே. வரிகளுக்கிடையே இடம் குறைக்கப்பட்டால் 'கீ' என்பதன் மேல்வளைவும் 'கூ' என்பதன் கீழ்ச்சுழியும் அண்டை வரிகளோடு முட்டிக்கொள்ளும். குறுகிய பெட்டியில் இருபுறமும் சமன்செய்யச் சொன்னால், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கிடையே பள்ளத்தாக்குகள் தோன்றும். மேற்கோள்களைச் சாய்த்தெழுதச் சொன்னால், சாய்வெழுத்து மரபே இல்லாத தமிழை உலாவி தானாக வளைத்துக் காட்டும்.

நிரல் செய்வது இதனினும் கொடுமை. அறிவிப்புத் தலைப்பை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று ஒருவர் எழுதுகிறார். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் இகரக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் நிரலுக்கு அது ஐந்து. நான்கோடு வெட்டினால் 'தமிழ' என்று நிற்கும். 'கண்' 'கண' ஆகும். 'பால்' 'பால' ஆகும். மாணவனின் விடைத்தாளில் இப்படிப் புள்ளி விடுபட்டால் நாம் சிவப்பு மையால் சுழிக்கிறோம்; பல்கலைக்கழகத்தின் முகப்பிலேயே அது விடுபட்டால் யார் சுழிப்பது? எழுத்தை எழுத்தாகவே எண்ணித் தரும் செக்மென்ட்டர் என்னும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. 2024-இல் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஏற்றபின் முதன்மை உலாவிகள் அனைத்திலும் அது கிடைக்கிறது. கருவி இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

இச்சிக்கல்களை முன்னோர் அறியாதவர் அல்லர். ஜாவா உலகில் 2003-இல் வெளிவந்த ஜே.எஸ்.ஆர். 168 என்னும் தரம், போர்ட்லெட் எனப்படும் வலைவாசல் உறுப்புகளுக்கு இரண்டு ஒழுங்குகளை வகுத்தது. உறுப்புகள் தம் தோற்றத்தைப் பொதுவான சில வகுப்புப் பெயர்களால் குறிக்க வேண்டும். அவற்றுக்கு வண்ணமும் அளவும் தருவது வலைவாசலின் பொறுப்பு. நிரலின் பெயர்களுக்கு முன் ஒவ்வோர் உறுப்பும் தனக்கே உரிய முன்னொட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் பழையதாகியிருக்கலாம்; நெறி பழையதாகவில்லை.

ஒவ்வோர் உறுப்பையும் முற்றாகச் சுவரெழுப்பிப் பிரித்துவிட்டால் என்ன என்பர் சிலர். ஐஃபிரேம் என்னும் தனிச்சட்டத்துக்குள் அடைத்தால் மோதல் நிற்கும். ஆனால் பக்கத்தின் ஒருமையும் போகும். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வோர் எழுத்துருவில் பேசத் தொடங்கும். நிழல் டாம் என்னும் பிற்கால முறை இதைவிட மேலானது. அது வெளி விதிகளை உள்ளே விடாது. எனினும் எழுத்துரு, நிறம், வரியிடைவெளி போன்ற பொதுப் பண்புகள் மரபுரிமையாக உள்ளே இறங்கும். எனக்கு இது உவப்பானது. நம் தொகைநூல் மரபு அறிந்த நெறி இது.

ஐங்குறுநூற்றைப் பாருங்கள். ஐந்து புலவர்கள், ஆளுக்கு ஒரு திணை, ஆளுக்கு நூறு பாடல். பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்ட அமைப்பும், மூன்று முதல் ஆறு வரையான அடியளவும் ஐவர்க்கும் பொது. அச்சட்டத்துக்குள் கபிலரின் குறிஞ்சி கபிலருடையது. அம்மூவனாரின் நெய்தல் அம்மூவனாருடையது. தொகுத்த கூடலூர் கிழார் ஒருவர் குரலை மற்றவர் குரலின்மீது பூசவில்லை. திணைமயக்கம் நமக்குப் புதிதன்று. ஆனால் அது அறிந்து செய்யும் கலப்பு. அறியாமல் பிறர் எல்லையில் சிந்துவதற்கு அப்பெயர் பொருந்தாது.

ஆகவே, வலைவாசல் செய்யப் பணம் தரும் கல்வி நிறுவனங்கள் தம் ஒப்பந்தத்தில் நான்கு வரிகளைச் சேர்க்கலாம். ஓர் உறுப்பின் விதி அவ்வுறுப்புக்கு வெளியே பாயக்கூடாது. அதன் நிரல், மொழியின் பொதுச்சொத்தைத் தொடக்கூடாது. தமிழ்ப் பகுதிகள் தமிழ் என்று மொழிக்குறியிடப்பட்டு, அவற்றுக்கெனத் தனி வரியிடைவெளி தரப்பட வேண்டும். வெட்டுகிற நிரல் எழுத்தறிந்து வெட்ட வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை; கவனம் போதும். கட்டணம் செலுத்தக் கடைசி நாள் எது என்பதைக் கைப்பேசியில் தேடும் கிராமத்து மாணவிக்கு, முட்டிக்கொண்ட வரிகளும் பாதியில் அறுந்த தலைப்பும் அழகியல் குறைகள் அல்ல. அந்த நாளை அவள் தவறவிட்டால் இழப்பு அவளுக்கு, பொறுப்பு நமக்கு.