இரண்டாம் பாகம் யாருடையது?



இந்த வாரம் ஒரு கணினி விளையாட்டைப்பற்றி எழுதுகிறேன் என்றால் உங்களில் சிலர் வியப்படைவீர்கள். சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள். 1991-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'ஏர்ல் வீவர் பேஸ்பால் 2' என்பதே அந்த விளையாட்டு. இன்று அதை ஆடுவோர் அரிது. அது ஓடிய கணினிகளும் வீட்டுப் பரண்களுக்குப் போய்விட்டன. ஆயினும், ஒரு மனிதனுடைய அனுபவத்தை அவனுக்குப்பின் வருகிறவர்கள் எவ்விதம் சுதந்தரித்துக்கொள்கிறார்கள் என்பதை அந்த இரண்டாம் பாகத்தின் கதை தெளிவாகக் காட்டுகிறது என்பது என் கருத்து.

ஏர்ல் வீவர் என்பவர் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் மேலாளர். நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டில் பயிற்சியாளரும் அணித்தலைவரும் பகிர்ந்து செய்கிற வேலையைப் பேஸ்பாலில் மேலாளர் ஒருவரே செய்கிறார். யார் பந்தெறிவது, யாரை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர் கையில். வீவர் தாம் பெரிய லீக்கில் ஒரு நாளும் ஆடியவர் அல்லர். அவருடைய ஆட்டக்காலம் சிறிய லீக்குகளிலேயே முடிந்துபோயிற்று. ஆனால் 1968 முதல் 1982 வரை அவர் நடத்திய அணி நான்குமுறை அமெரிக்கன் லீக் பட்டத்தையும், 1970-இல் உலகத் தொடரையும் வென்றது. நடுவர்களோடு வாதாடி தொண்ணூறு தடவைக்குமேல் களத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அந்தச் சுபாவத்தை நான் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அவரிடம் நான் மெச்சுவது வேறொன்று. எந்த மட்டையாளர் எந்தப் பந்துவீச்சாளருக்கு எதிராக எப்படி ஆடினார் என்பதைச் சிறுசிறு அட்டைகளில் குறித்துவைத்து, அவற்றைப் பார்த்தே தம் ஆள்களைத் தெரிந்தெடுப்பார். பூக் பவல் என்பவர் 1970-இல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதைப் பெற்றவர். அப்பேர்ப்பட்டவரும் டெட்ராய்ட் அணியின் மிக்கி லோலிச் பந்தெறிகிறபோது தடுமாறுவார். அதிகம் பேசப்படாத சிக்கோ சால்மனோ அதே லோலிச்சை நன்றாக ஆடுவார். பெயரைப் பார்த்தால் பவல். அட்டையைப் பார்த்தால் சால்மன். மார்க் பெலாஞ்சர் என்ற இன்னொருவருடைய வாழ்நாள் மட்டைச் சராசரி .228 மட்டுமே. ஆனால் தடுப்பாட்டத்தில் எட்டுமுறை தங்கக் கையுறை விருது பெற்ற அவரை வீவர் ஆண்டுக்கணக்காகத் தம் அணியில் நிலைநிறுத்தினார். ஒருவனிடம் இல்லாததைவிட, அவனிடம் இருப்பது எந்த நேரத்துக்கு உதவும் என்பதையே அவர் தேடினார்.

இந்த மனிதருடைய யோசனையைத்தான் கணினிக்குள் கொண்டுவர இருவர் முயன்றார்கள். ஒருவர் டான் டாக்லோ. 1971-இல் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் மாணவராயிருந்தபோதே, அங்கிருந்த பெரிய பிடிபி-10 கணினியில் பேஸ்பால் விளையாட்டு ஒன்றை எழுதியவர். மற்றவர் எடி டோம்ப்ரோவர். நடன அசைவுகளைக் கணினித் திரையில் காட்டும் நிரலைச் செய்தவர். இருவரும் 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் வீவரோடு பலமுறை உட்கார்ந்து நெடுநேரம் கேள்வி கேட்டார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1987-இல் 'ஏர்ல் வீவர் பேஸ்பால்' என்ற பெயரில் அந்த விளையாட்டை வெளியிட்டது. மட்டையும் பந்தும் தொடாமல் மேலாளராக மட்டும் இருந்து அதை ஆடலாம். எதிரணியை நடத்துவது கணினி. அதற்குள் இருப்பதோ வீவருடைய நிதானிப்பு.

கணினியிடம் "அனுபவத்தில் எனக்குத் தெரியும்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இன்னது நடந்தால் இன்னது செய், இல்லையேல் வேறொன்று செய் என்று ஒவ்வொன்றாய் எடுத்துச்சொல்லவேண்டும். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தான் ஆட்டமிழந்தாலும் பாதகமில்லை என்று பந்தை மெல்லத் தட்டிவிட்டு, களத்தில் நிற்கிற கூட்டாளியை ஒரு தளம் முன்னேற்றுவது பேஸ்பாலில் பழைய வழக்கம். வீவர் அதை விரும்பவில்லை. ஒன்பது சுற்றுகளில் ஓர் அணி இழக்கக்கூடியது இருபத்தேழு ஆட்டமிழப்புகள் மட்டுமே. அவற்றில் ஒன்றை எதற்காக வலியக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. "வீவர் அப்படிச் செய்யமாட்டார்" என்பது செய்தி. அதற்கு அடியில் இருக்கிற இருபத்தேழு என்ற எண்ணே காரணம். அந்தக் காரணம் கைக்கு வந்தால்தான், கடைசிச் சுற்றில் ஒரே ஓட்டம் தேவைப்படுகிற நேரத்தில் அதே வழக்கத்தைக் கையாளலாமா என்று நிதானிக்க முடியும்.

இந்தக் கேள்விகள் கேட்கப்பட்ட ஆண்டுகளையும் கவனியுங்கள். வீவர் 1982-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே வேறொரு மேலாளரின் கீழ் ஓரியோல்ஸ் உலகத் தொடரை வென்றது. பின்பு அணி தளர்ந்தபோது, 1985-இல் அவரை மறுபடியும் அழைத்தார்கள். அவரும் வந்தார். 1986-இல் அணி 73 ஆட்டங்களில் வென்று 89-இல் தோற்றுத் தன் பிரிவில் கடைசி இடத்துக்குப் போயிற்று. முழுப் பருவம் ஒன்றில் வெற்றிகளைவிடத் தோல்விகள் மிகுந்தது அவருக்கு அந்த ஒரே ஆண்டில்தான். வீவருடைய சொந்த வாழ்வின் இரண்டாம் பாகம் இவ்விதமாய் முடிந்தது. ஆனால் அந்தத் தோல்வியின் நாள்களில்தான் டாக்லோவும் டோம்ப்ரோவரும் அவரிடம் உட்கார்ந்து கேட்டார்கள். வென்றுகொண்டிருக்கிறவனிடம் பாராட்டுரை கேட்க எல்லாரும் வருவார்கள். தோற்றுக்கொண்டிருக்கிற முதியவரிடம் காரணம் கேட்க வருகிறவர்கள் எத்தனை பேர்?

இனி அந்த இரண்டாம் பாகத்துக்கு வருவோம். அதைக் குறைசொல்வது என் நோக்கமன்று. ஒரு நிறுவனம் தனக்கு உரிமையான பெயரில் மறுபடியும் ஒன்றைச் செய்வது நியாயமே. எனினும், 1991-இல் அது வெளிவந்தபோது வீவர் ஓரியோல்ஸ் மேலாளர் பதவியை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பின்னொருபோதும் அதற்குத் திரும்பவில்லை. கேள்வி கேட்டவர்களில் ஒருவரான டாக்லோவும் அந்த நிறுவனத்தை விட்டு, 1988-இல் தமக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார். பெயர் இங்கே தங்கிவிட்டது. 1996-இல் 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு' இதழ் எக்காலத்துக்குமான சிறந்த கணினி விளையாட்டுகளைப் பட்டியலிட்டபோது, அதில் இடம்பெற்றது 1987-இன் முதல் விளையாட்டு.

டாக்லோ என்ன செய்தார் தெரியுமா? வீவர் சொன்ன விடைகளை வைத்துக்கொண்டு வேறு பெயரில் அதையே விற்க அவர் முயலவில்லை. ஓக்லண்ட் அணியின் மேலாளராக அந்நாளில் தினமும் களத்தில் நின்ற டோனி லா ரூசாவிடம் போனார். லா ரூசா சட்டம் படித்தவர்; 1989-இல் உலகத் தொடரை வென்றவர்; வீவரைப்போலன்றி, பெரிய லீக்கில் கொஞ்சகாலமாவது ஆடியவர். ஒருவருடைய யோசனை மற்றவருக்குப் பொருந்தாது. ஆகவே அவருடைய நிதானிப்பை அவரிடமே கேட்டுப் பெறவேண்டியிருந்தது. அந்த விளையாட்டும் அதே 1991-இல் வெளிவந்தது. அதன் அடுத்த பாகம் 1993-இல் வந்தது. வீவர் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. இருந்தும், 1987-இன் உண்மையான இரண்டாம் பாகம் எது என்று என்னைக் கேட்டால், லா ரூசாவின் விளையாட்டையே சொல்வேன். பெயரைச் சட்டப்படி வாங்கலாம், விற்கலாம். உட்கார்ந்து கேட்கிற பழக்கம் கேட்டவனோடுதான் போகும்.

எலியாவின் சால்வை கீழே விழுந்தது; எலிசா அதை எடுத்துக்கொண்டார். நாம் பெரும்பாலும் சால்வையைப்பற்றியே பேசுகிறோம். அதோடு யோர்தான் கரைக்குத் திரும்பிவந்து அவர் முதலாவது செய்தது ஒரு கேள்வி கேட்டதுதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

நம்முடைய வீடுகளை எண்ணிப்பாருங்கள். "எங்கள் அப்பா ஒருவருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டதில்லை, நானும் போடமாட்டேன்" என்று உறுதியாய்ச் சொல்லுகிற பிள்ளைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். உடன்பிறந்தாரின் மகளுக்குக் கல்லூரிக் கடன் தேவைப்பட்டு, ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும்போதும் அதே விடைதான். அப்பா ஏன் போடவில்லை? ஒருமுறை போட்டு நிலத்தை இழந்தாரா? அந்நாளில் அவரிடம் ஈடாய்க் காட்ட ஒன்றுமே இல்லையா? யாரைக் கண்டு அப்படி முடிவெடுத்தார்? ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை. அவருடைய விடையை மட்டும் வைத்துக்கொண்டு, காரணத்தை அவரோடு அடக்கம் செய்துவிட்டோம். இதை நான் முதியோர்மேல் சுமத்தமாட்டேன். வயது சென்றவர்கள் கேட்டால் சொல்லுகிறார்கள்; பலர் அதற்காகவே காத்திருக்கிறார்கள். குறை கேளாதவர்களிடத்தில் இருக்கிறது.

ஏர்ல் வீவர் 2013 ஜனவரியில் காலமானார். லா ரூசா 2011-இல் உலகத் தொடரை வென்று ஓய்வு பெற்றவர், 2021-இல் தம் 76-ஆம் வயதில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு மேலாளராகத் திரும்பி வந்தார். முதல் ஆண்டில் அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு உடல்நலக் குறைவால் அவரால் பருவத்தை முடிக்க இயலவில்லை. அந்த இரண்டாம் ஆண்டில் அவரருகே உட்கார்ந்து "ஏன்" என்று கேட்டவர் யாராவது உண்டா என்று அறிய எனக்கு ஆவல்.