அடுத்த தெருவில் தொழிலாளி குடியிருக்கக் கூடாதா?

வீடு கட்ட ஆள் வேண்டும். சாலை போட ஆள் வேண்டும். கப்பலைச் செப்பனிட ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் வேலை முடிந்து தலைசாய்க்க நம் தெருப் பக்கம் வரக் கூடாது! இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு நடந்ததை நினைவூட்டுகிறோம். சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்திலிருந்த பழைய தொழில்நுட்பப் பள்ளியை வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியாக்க யோசனை எழுந்தது. உடனே ஆயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். திருட்டு பெருகும், நெரிசல் கூடும், வீட்டு விலை சரியும் என்றார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஆனால் சுமார் 600 பேருக்கு என்று வரையறுத்து, தொழிலாளர் குடியிருப்புக்குள் நுழையாதபடி தனிப் பாதைக்கும் ஏற்பாடு செய்தது. ஊருக்கெல்லாம் சாலை போடுகிறவன், ஊருக்குள் நடக்கத் தகுதியற்றவனாம்!

குடியிருப்பாளரின் கவலை முழுதும் பொய் என்று நாம் சொல்லவில்லை. 600 பேர் வந்தால் பஸ்ஸிலும் கடையிலும் கூட்டம் கூடத்தான் செய்யும். அதற்குக் கூடுதல் பஸ் கேட்கலாம், திடல் கேட்கலாம், குப்பை அள்ள ஏற்பாடு கேட்கலாம். ஆனால் செய்யாத திருட்டுக்கு ஒரு கூட்டத்தையே முன்கூட்டிக் குற்றவாளியாக்குவது கவலை அல்ல, பழி!

ஜூரோங்கைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே நம் பால்மரம் நின்றது. 1961 முதல் காட்டையும் சதுப்பையும் திருத்தி ஆலை நகரமாக்கினார்கள். இன்று விடுதிகள் பலவும் ஆலைகளுக்கு நடுவே, ஊரார் கண்படாத ஓரங்களில் நிற்கின்றன. அங்கே படுத்திருப்பவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு, வங்காளதேசத்தாரும் உண்டு.

ஒதுக்கி வைத்ததன் விலை 2020இல் தெரிந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் ஜூரோங் ஈஸ்ட் தோ குவான் விடுதியும் பொங்கோல் விடுதி ஒன்றும் அடைக்கப்பட்டன. உள்ளே ஏறக்குறைய 20,000 தொழிலாளர்! அந்த டிசம்பரில் வெளிவந்த அரசுக் கணக்குப்படி, விடுதிவாசிகளில் 100க்கு 47 பேரைக் கொரோனாக் கிருமி தொற்றியிருந்தது. அடுக்குக் கட்டிலில் அடுத்தடுத்துப் படுத்தவன் எப்படி விலகி நிற்பான்? நெரிசலுக்குக் காரணம் முதலாளியின் சிக்கனம். அந்தச் சிக்கனம் நீடித்ததற்குக் காரணம், பார்ப்பாரும் கேட்பாரும் இல்லாத இடம்.

அதன் பிறகுதான் 2021இல் புதிய அளவு வந்தது. புது விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம். 6 பேருக்கு ஒரு கழிவறை. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பழைய விடுதிகள் இந்த அளவை எட்ட 2040 வரை தவணை! 2021இல் 25 வயதில் வந்தவனுக்கு அப்போது 44 வயது. அவன் இளமை எந்தக் கட்டிலில் கழியும்?

லயத்தில் பிறந்த நமக்கு இது புதுக்கதை அல்ல. மேட்டில் துரை பங்களா, நடுவில் கிராணி வீடு, பள்ளத்தில் லயம் என்று வகுத்து வைத்ததை நாம் அறிவோம். மலேசியாவில் 1990இல் வந்த 446ஆம் சட்டம் முதலில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்குமே இருந்தது. 2020 ஜூன் முதல் அது மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. லயத்துக்காக வந்த சட்டம் இன்று நேப்பாளிக்கும் வங்காளதேசத்தானுக்கும் நிழல் தருகிறது. இதில் நாம் பெருமைப்பட வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? தோட்டம் விட்டுத் தாமானில் குடியேறிய நம்மவர் சிலரே, பக்கத்து வீட்டில் அந்நியத் தொழிலாளி குடிவந்தால் முகம் சுளிக்கிறார்கள். ஒரே வீட்டில் இருபது பேரை அடைத்தவனை விட்டுவிட்டு, அடைபட்டவனை விரட்டுவதா? பெரட்டில் பக்கத்தில் நின்றவன் பந்தியில் பகைவனா?

தோழர்களே! விடுதி வருகிறது என்றால் கேளுங்கள்: ஆளுக்கு எத்தனை அடி இடம்? எத்தனை கழிவறை? பஸ் எங்கே? பொறுப்பாளி யார்? கையெழுத்துத் தாள் உங்கள் வாசலுக்கும் வரலாம். அதில் ‘விடுதி வேண்டாம்’ என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ‘மனிதன் வாழத்தக்க விடுதி வேண்டும்’ என்று எழுதி, அதன் கீழே கையெழுத்திடுங்கள்!